இனிமையாகப் பேசிய சோதனைப் பதிப்பு

பாதுகாப்புப் பிரதி எடுப்பது எப்படி, கடவுச்சொல்லை எப்போது மாற்றுவது, மாணவர்கள் செருப்பை ஆய்வகத்துக்கு வெளியே எந்தப் பக்கம் விட வேண்டும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லப் போவதில்லை. அதற்கு ஒரு கையேடு இருக்கிறது. எழுதியவள் நான். முழுதாகப் படித்தவளும் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

கணினி ஆய்வகப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நேரம் கழுத்தைப் பிடிக்கும்போது, எதிரில் இருப்பவர் 'சரி என்று சொல்லிவிடுங்களேன்' என்று கண்ணால் கெஞ்சும்போது, எதை நம்புவது என்பதைப் பற்றி. இதில் வருகிற சகாயத்திடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மேடம். ஆனா என்னைப் பாவமாக் காட்டாதீங்க" என்றார். முயன்றிருக்கிறேன்.

ஓய்வு பெறும்வரை சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் கணினி மையம் என் பொறுப்பில் இருந்தது. வீடு கடலூர். ரயிலில் போய், ரயிலில் வந்தே என் பணிக்காலம் முடிந்தது. இப்போது எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் லினக்ஸ் பயன்படுத்துகிற நாங்கள் நான்கு பேர் கூடுவோம். லினக்ஸ் இலவசமாகக் கிடைக்கிற இயங்குதளம். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம். அதனாலேயே அதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு உலகத்தையே திறந்து பார்த்துத் திருத்தும் உரிமை வந்துவிட்டதாக ஒரு கர்வம் இருக்கும். எங்களுக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி.

முபாரக் முதுநகரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். தனசேகர் கடலோரக் குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. இருவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், திட்டும்போதும்கூட. மூன்றாமவர் சகாயம். என்னோடு அதே கல்லூரியில் வேலை பார்த்தவர். இப்போதும் அங்கே ஆய்வகப் பயிற்றுநர். ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பம் மாதாகோயிலில் பூசை முடிந்ததும் நேராக எங்கள் மாடிக்கு வந்துவிடுவார்.

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. 'வேலை செய்யல' என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் அன்றைக்கு எல்லாருக்கும் அவர்தான் கீழே இறங்கி டீ வாங்கி வர வேண்டும். என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது என்ற மூன்றையும் வரிசையாகச் சொன்னால்தான் மற்றவர்கள் காது கொடுப்பார்கள். பிழையைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடக் கண்ணியமான வழி எனக்குத் தெரியாது. மனிதர்களைப் பற்றிப் பேசவும் இதைப் பின்பற்றலாம். யாரும் பின்பற்றுவதில்லை.

ஒரு ஞாயிறு முபாரக் ஒரு மடிக்கணினியோடு வந்தார். பெரிய நிறுவனம் ஒன்று புதிய இயங்குதளம் கொண்டுவரப் போவதாகவும், லினக்ஸுக்கு இனி வேலையே இருக்காது என்றும் எங்கும் பேச்சாக இருந்த நேரம். அதன் சோதனைப் பதிப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். முபாரக் அதை நிறுவிக் கொண்டுவந்திருந்தார். நோக்கம் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் பெண் பார்க்கப் போய்விட்டு வந்து காபி சரியில்லை என்று பேசுகிற உறவுக்காரர்களின் மனநிலையில்தான் இருந்தோம்.

"வந்ததும் வராததுமா ஊரு, பேரு, போன் நம்பரு எல்லாம் கேக்குது மச்சான். ரேஷன் கடையில கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க" என்றார் தனசேகர்.

"அந்தக் கலரைப் பாரு. ஐஸ் வண்டிக்காரன் பெயின்ட் அடிச்ச மாதிரி" என்றார் முபாரக்.

நானும் சும்மா இருக்கவில்லை. அணைக்கும் பொத்தானை மூன்று அடுக்கு உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். அதைக் குறித்து நான் சொன்னதை இங்கே எழுதினால் அச்சேறாது.

கடைசியாகச் சகாயத்தின் முறை. அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. திரையைப் பார்ப்பதாகவும் தெரியவில்லை. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது, விரல் மட்டும் விசைப்பலகையில் நடந்தது. பிறகு ஹெட்போனைக் கழற்றி, "நல்லா இருக்குது" என்றார்.

"என்னாது?"

"நல்லா இருக்குதுன்னேன். ரொம்ப நல்லா."

மாடியில் ஒரு கலவரமே நடந்தது. "மாமா, காசு எதுனா வாங்கினீங்களா அவங்ககிட்ட?" என்றார் தனசேகர். "அண்ணே, மாதாகோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்க" என்றார் முபாரக். சகாயம் சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு அடங்கியதும், நான் ஓய்வு பெற்ற பிறகும் ஆய்வக விஷயத்துக்கு என்னையே கேட்கிற பழக்கத்தில், என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"மேடம், இதை நம்ம லேப்ல என் மிஷின்ல போட்டுக்கட்டுமா? பிராக்டிகல் எக்ஸாமுக்கு முன்னாடி?"

சோதனைப் பதிப்பை வேலை நடக்கும் கணினியில் போடக் கூடாது. இது கையேட்டின் மூன்றாம் அத்தியாயம். அதைவிட, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஆய்வகத்தில் ஒரு ஒயரைக்கூடப் பிடுங்கி மாட்டக் கூடாது. இவை இரண்டையும் எனக்கு அடுத்தபடியாக அறிந்தவர் சகாயம். அவரே இப்படிக் கேட்டபோது எனக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை. ஏன் என்று கேட்டேன். அவர் ஹெட்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"முறைப்படி சொல்லுங்க மாமா. என்னா செஞ்சீங்க, என்னா எதிர்பார்த்தீங்க, என்னா நடந்துச்சு?" என்று தனசேகர் கேலியாகக் கேட்டார்.

"சரி, முறைப்படியே சொல்றேன்" என்றார் சகாயம். "என்னா செஞ்சேன்? போன வருஷத்துலேருந்து கண் டாக்டர்கிட்ட போய்கிட்டு இருக்கேன். என்னா எதிர்பார்த்தேன்? கண்ணாடியை மாத்தினா சரியாயிடும்னு எதிர்பார்த்தேன். என்னா நடந்துச்சு? ஓரத்துலேருந்து இருட்டிக்கிட்டே வருது. இப்ப நடுவுல கொஞ்சூண்டு தெரியுது. சாவித் துவாரத்துல எட்டிப் பாக்கற மாதிரி. அதுலயும் எழுத்து கலங்கி இருக்குது. திரும்ப வராதுன்னுட்டாங்க."

கீழே தெருவில் யாரோ பழைய பேப்பருக்குக் கூவிக்கொண்டு போனது தெளிவாகக் கேட்டது.

நாங்கள் அதுவரை அந்த இயங்குதளத்தின் நிறத்தையும் பொத்தானையும் பற்றித்தான் பேசியிருந்தோம். அவர் ஒருவர்தான் அதன் குரலைக் கேட்டிருக்கிறார். திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்காகப் படித்துக் காட்டும் வசதி அதில் இருந்தது, தமிழிலும். "மூச்சு விட்டுப் படிக்குது மேடம். எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்துது. ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி."

அப்போதுதான் இன்னொன்றும் எனக்கு விளங்கியது. கல்லூரியில் மாணவர்கள் சகாயத்துக்கு வைத்திருந்த பெயர் 'சத்தமாப் படி சார்'. ஆய்வகத்தில் யார் சந்தேகம் கேட்டாலும் அவர் திரையைப் பார்க்க மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எரர் என்னா சொல்லுது? முழுசா சத்தமாப் படி" என்பார். பாதி படிக்கும்போதே பையனுக்குத் தன் தப்பு தெரிந்துவிடும். தர மதிப்பீட்டுக்கு வந்த குழு இதைப் புதுமையான கற்பித்தல் முறை என்று பாராட்டிவிட்டுப் போனது. அது ஒரு மனிதர் தண்ணீரில் மூழ்காமல் இருக்கப் பிடித்துக்கொண்ட கட்டை என்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

செய்முறைத் தேர்வில் அந்தக் கட்டை உதவாது. தேர்வுக்கூடத்தில் மாணவர்கள் சத்தமாகப் படிக்க முடியாது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பாதிப் பேரைப் பார்ப்பார், மீதிப் பேரின் விடையைச் சகாயம்தான் திரையில் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். அவருடையது ஒப்பந்த வேலை. தேர்வு முடிந்த கையோடு அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று நிர்வாகம் முடிவு செய்யும். அந்த வருடம் ஆட்களைக் குறைக்கப் போவதாகப் பேச்சும் இருந்தது. இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீடு அவருடையது.

இப்படிப்பட்டவர்களின் வேலையைக் காக்கச் சட்டம் இருக்கிறது, எனக்கு அதன் பிரிவுகளும் தெரியும். ஆனால் எந்தப் பிரிவைப் பிடிப்பதென்றாலும் முதலில் அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்க வேண்டும். ஏன் இன்னும் வாங்கவில்லை என்று கேட்டேன்.

"வாங்கிட்டா நெசமாயிடும் மேடம்" என்றார்.

ஆய்வகக் கணினியில் சோதனைப் பதிப்பைப் போட நான் சம்மதிக்கவில்லை. ஆனால் முபாரக்கின் மடிக்கணினியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், தேர்வில் செய்யப்போகிற அதே வேலையை அதில் செய்து பார்க்கலாம் என்றேன். சகாயத்தின் திட்டம் எளிமையானது. மடிக்கணினியிலிருந்து வலையமைப்பு வழியாக மாணவர்களின் கணினிகளுக்குள் நுழைய வேண்டும். ஹெட்போனில் அந்தக் குரல் விடைகளைப் படிக்கும். பார்க்கிறவர்களுக்கு அவர் ஏதோ கண்காணிப்பதாகத் தோன்றும். யாருக்கும் எதுவும் தெரியாது.

தேர்வுக்கு முந்தைய நாள் மதியம் நான்கு பேரும் சிதம்பரம் போனோம். தனசேகர் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். வெளியாட்கள் ஆய்வகத்துக்குள் வர முதல்வரின் எழுத்து அனுமதி வேண்டும் என்று நான்தான் ஒரு காலத்தில் விதி எழுதினேன். அது வரும்வரை வாசல் காவலர் என்னை வெயிலில் நிறுத்தி வைத்தார். நல்ல விதி.

தனசேகர் மாணவராக ஒரு கணினியில் உட்கார்ந்தார். சகாயம் அறையின் மறுகோடியில் மடிக்கணினியோடு. குரலை நாங்களும் கேட்பதற்காக ஸ்பீக்கரில் விட்டோம். தனசேகர் ஒரு சின்ன நிரலை எழுதி ஓட்டினார். குரல் விடையைப் படித்தது. அப்படி ஒரு குரல். நிதானம், கனிவு, தெளிவு. எங்கள் கல்லூரியில் அப்படிப் பேசுகிற ஒருவரை நான் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா?" என்றார் சகாயம். அவர் முகம் அன்று வெளிச்சமாக இருந்தது.

"இப்ப நான் தப்பா எழுதறேன் மாமா, புடிங்க பாப்போம்" என்று தனசேகர் ஒரு வரியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். குரல் அதே நிதானத்துடன் விடையைப் படித்தது.

"சரியாத்தானே வந்திருக்குது? தப்பு வெச்சேன்னியே" என்றார் சகாயம்.

முபாரக் மடிக்கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். தனசேகரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். திரையில் விடை இல்லை. பிழைச் செய்திதான் இருந்தது. ஆனால் குரல் முந்தைய முறை வந்த விடையை, அது இன்னும் அங்கேயே இருப்பதுபோல, மனதார வாசித்திருந்தது.

அந்த நேரம் சகாயத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். மூன்று பேர் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு, அவரிடம் சொல்லாமல் நிற்கிறோம்.

கடைசியில், வழக்கமாக எங்களில் அதிகம் கேலி பேசுகிற முபாரக்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அண்ணே, அது பழசைப் படிக்குதுண்ணே."

"மறுபடி போடு."

மறுபடி போட்டார்கள். சரியாகப் படித்தது. மடிக்கணினியை அணைத்து ஏற்றினார்கள். சரியாகப் படித்தது. தனசேகர் விதவிதமாகத் தப்பு செய்தார், ஒவ்வொன்றையும் பிடித்தது. ரொம்ப நேரம் பார்த்தும் அந்தப் பிழை திரும்ப வரவே இல்லை.

இளைய நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். விடாமல் வருகிற பிழை நல்ல பிழை. அது எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை வந்துவிட்டுப் போன பிழையைப் பார்க்கும்போது, அந்த நாளின் களைப்பும் அவசரமும் சேர்ந்து உங்களை 'சரியாகிவிட்டது' என்று சொல்ல வைக்கும். அது சரியாகவில்லை. இருக்கிற இடம் உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"போயிடுச்சு மேடம். ஏதோ ஒரு தடவை மாட்டிக்கிச்சு. இப்பதான் நல்லா இருக்குதே" என்றார் சகாயம்.

"வேணாம் சகாயம்."

"ஒரே ஒரு நாள் மேடம். நாளைக்கு ஒரு நாளு ஓட்டிட்டேன்னா போதும்."

"வேணாம்."

"உங்களுக்கென்ன மேடம்? நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. பென்ஷன் வருது. ரூல் பேசிட்டு ரயிலேறிப் போயிடுவீங்க. நான் வீட்ல போய் என்னா சொல்றது?"

அவர் என்னிடம் அப்படிப் பேசியது அது முதல் தடவை. தனசேகர், "மாமா, விடுங்க" என்று எழுந்தார். நான் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தேன். கையேட்டின் மூன்றாம் அத்தியாயம் என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். விதியைச் சொல்லி ஒருவரைத் தடுத்துவிட முடியும், சம்மதிக்க வைக்க முடியாது.

"நாளைக்கு ஒரு பிள்ளை முதல்ல தப்பா ஓட்டும்" என்றேன். "அப்புறம் அதுவே கண்டுபுடிச்சுத் திருத்தி, சரியா ஓட்டும். எல்லாப் பிள்ளையும் அப்படித்தானே செய்யுது? அந்த நேரம் பாத்து இது பழைய தப்பையே படிச்சா, நீ அந்தப் பிள்ளைக்கு என்ன மார்க் போடுவே?"

சகாயத்தின் விரல்கள் மடிக்கணினியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தன. பிறகு அதை மெதுவாக மூடினார்.

"பெயிலுன்னு போட்டிருப்பேன்" என்றார். "அதுவும் ரொம்ப நம்பிக்கையா."

அதற்குப் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆள் நல்ல வாத்தியார்.

ஆய்வகத்தின் லினக்ஸ் கணினிகளிலும் படித்துக் காட்டும் வசதி தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. யாரும் கூப்பிடாததால் அது பேசாமல் இருந்தது. சகாயம் வீட்டில் ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு விட்டிருந்தார். "தகரத்துல ஆணியால கீறற மாதிரி மேடம். எங்க தெரு நாயெல்லாம் கொலைக்குது" என்றார். முபாரக் அதை இயக்கினார். ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்ததும் தனசேகர் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"மச்சான், நம்ம ஆளு பேசறது ஹார்பர்ல ஐஸ் பேக்டரி மோட்டாரு ஓடற மாதிரியே இருக்குதுடா!"

சகாயமும் சிரித்துவிட்டார். வெகுநேரம் கழித்து அந்த அறைக்குள் வந்த முதல் சிரிப்பு. தமிழை அந்தக் குரல் கடித்துத் துப்பியது. ஆனால் கட்டளை வரிகளை அப்படியே, ஒரு புள்ளி விடாமல், தற்போது இருப்பதைத் தற்போது இருப்பதாகப் படித்தது. திரும்பத் திரும்பத் தப்பும் சரியுமாக மாற்றி மாற்றி ஓட்டினோம். ஒருமுறைகூடப் பழசுக்குப் போகவில்லை. ஒரு பொழுதுச் சோதனை எதற்கும் உத்தரவாதம் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் இதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதை முபாரக்கால் திறந்து பார்க்க முடிந்தது. அந்தச் சோதனைப் பதிப்பில் முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அந்தக் குரல் மெதுவாகத்தான் பேசியது. ஒவ்வொரு விடைக்கும் நேரம் பிடிக்கும். கண்காணிப்பதாக நடித்துச் சமாளிக்கவே முடியாது. அதைப் பயன்படுத்துவதென்றால் சொல்லியாக வேண்டும்.

"நான் வர்ட்டுமா பிரின்சிபல்கிட்ட?" என்று கேட்டேன்.

"வேணாம் மேடம். நீங்க வந்தா ரூல் பேசுவீங்க" என்று சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு சகாயம் தனியாகப் போனார். வராந்தாவில் கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே போனதை அன்றைக்குத்தான் கவனித்தேன். எத்தனையோ வருடமாக அதே வராந்தாவில் அவர் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் மூவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். தனசேகர் எழுந்து போய் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்கி வந்தார். யாரும் தின்னவில்லை. முதல்வர் அறைக் கதவு திறந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

"என்னா சொன்னாரு?" என்றார் தனசேகர்.

"இத்தன நாளா ஏன் சொல்லலன்னு கேட்டாரு. அப்புறமும் அதையே கேட்டாரு. கடைசியில நாளைக்கு எக்ஸாம் நடக்கட்டும், மத்ததை அப்புறம் பாக்கலாம்னாரு."

"அப்புறம்னா?"

"அப்புறம்னா அப்புறம்தான்டா."

மறுநாள் தேர்வுக்கூடத்துக்குள் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. அந்த விதியும் என்னுடையதுதான். ஆகவே நடந்ததைச் சகாயம் சொல்லித்தான் அறிவேன். வெளித் தேர்வாளராகத் திட்டக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். முதல்வர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னதும், ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "இதை நாளெல்லாம் கேட்டுத்தான் மார்க் போடணுமா? பொறுமைசாலி சார் நீங்க" என்று திருப்பிக் கொடுத்தாராம். முதல் சில விடைகளை இருவரும் தனித்தனியே பார்த்து ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். பிறகு அந்த அம்மா தன் பாதியைப் பார்க்கப் போய்விட்டார். அவர் கவலையெல்லாம் கடைசி பஸ்ஸைப் பற்றித்தான். தேர்வு சாப்பாட்டு நேரத்தைத் தாண்டி இழுத்தது. ஒரு மாணவி முதலில் தப்பாக ஓட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, திருத்தி, மறுபடி ஓட்டினாள். தகரக் குரல் முதலில் தப்பைப் படித்தது, அடுத்து சரியானதைப் படித்தது. "அந்தப் பிள்ளைக்கு முழு மார்க் போட்டேன் மேடம்" என்று, சாயங்காலம் ஹோட்டலில் இட்லியைக் கொத்சுவில் தோய்த்துக்கொண்டே சொன்னார்.

அந்த 'அப்புறம்' வரச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் நானும் அவரும் கடலூர் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று சான்றிதழை வாங்கினோம். எந்த வரிசை எதற்கு என்று எனக்குத் தெரியும் என்பதால் ஒருமுறைதான் தப்பான வரிசையில் நின்றோம். ஒப்பந்தம் நீண்டது. ஆய்வகப் பொறுப்பை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. சகாயத்துக்கு அதில் வருத்தம்தான். ஆனால் வேலை இருக்கிறது. மாணவர்கள் இன்னமும் சத்தமாகப் படிக்கிறார்கள். ஏன் என்பது இப்போது அவர்களுக்கும் தெரியும். முன்பைவிடத் தெளிவாகப் படிக்கிறார்களாம்.

அந்தச் சோதனைப் பதிப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சிதம்பரத்திலிருந்து திரும்பிய அடுத்த ஞாயிறே சகாயம் சொன்னார், அந்த நிறுவனத்துக்கு அந்தப் பிழையை எழுதி அனுப்ப வேண்டும் என்று. தனசேகர் கொதித்துப்போனார்.

"நாம எதுக்கு மாமா அவுங்களுக்கு எழுதணும்? அவுங்க கூரை ஒழுகினா நாமளா ஏணி போட்டு ஏறணும்?"

"கூரை அவுங்களோடதுதான். கீழ உக்காந்திருக்கிறவன் என்னை மாதிரி ஒருத்தன்டா. அவன் எந்த ஊர்ல, என்னா வேலையில இருக்கானோ. அது படிக்கறதை நெசம்னு நம்பிக்கிட்டு உக்காந்திருப்பான்."

கடைசியில் தனசேகர்தான் உட்கார்ந்து எழுதினார். ஒருமுறை மட்டும் வந்த பிழையை எந்த நிறுவனமும் மதிக்காது. அதனால் அதைத் திரும்ப வரவழைக்கும் வழியைத் தேடி இரண்டு மூன்று ஞாயிறுகளை அதற்கே கொடுத்தார்கள். வலையமைப்பு ஒரு கணம் தடுமாறி மீளும்போது குரல் பழைய திரையையே பிடித்துக்கொள்கிறது என்பதை முபாரக் கண்டுபிடித்தார். எங்கள் சொந்த லினக்ஸுக்குக்கூட அவ்வளவு சுத்தமான ஒரு பிழை அறிக்கையை அவர்கள் எழுதி நான் பார்த்ததில்லை. பதிலாக 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று ஓர் இயந்திரம் எழுதியது. அடுத்துவந்த சோதனைப் பதிப்பில் அந்தப் பிழை இல்லை. எங்களால்தான் சரி செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆதாரமில்லாமலே தனசேகர் அதைச் செம்மங்குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

சகாயத்தின் வீட்டில் இப்போது இரண்டும் இருக்கின்றன. கல்லூரி வேலைக்குத் தகரக் குரல். மகள் எழுதுகிற தமிழ்க் கட்டுரைகளைப் படிக்க அந்தக் கனிவான குரல். முபாரக் தன் மடிக்கணினியைத் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கமும் மாறியிருக்கிறது. எந்தப் புதிய பதிப்பு வந்தாலும், அது நம்முடையதோ அவர்களுடையதோ, முதலில் திரையை அணைத்துவிட்டுத்தான் தொடங்குவோம். நிறத்தையும் பொத்தானையும் பற்றிப் பேச வாய்ப்பே கிடைப்பதில்லை. போன வாரம் முபாரக் அப்படி உட்கார்ந்து ஒரு கோப்பைத் திறக்கப் போய், கணினியையே அணைத்துவிட்டார்.

"கடை வெச்சிருக்கியாமே?" என்றார் சகாயம்.

"அண்ணே, கண்ணு தெரியாம எப்படிண்ணே?" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு முபாரக் உறைந்துபோனார்.

"தள்ளு" என்று சகாயம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "முதல்ல அது பேசி முடிக்கட்டும். நடுவுல கைய வைக்காதே. எல்லாத்துலயும் உனக்கு அவசரம்."

வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. நான் எழுந்து போய் விளக்கைப் போட்டேன். சுவிட்ச் சத்தம் கேட்டு சகாயம் தலையைத் திருப்பினார்.

"லைட்டு போட்டாச்சா மேடம்?"

எல்லார் முன்னாலும், யாரும் கேட்காமல், தனக்குத் தெரியவில்லை என்று அவர் காட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"போட்டாச்சு சகாயம்."

"சரி" என்று சொல்லிவிட்டு, முபாரக்கின் விரலைப் பிடித்துச் சரியான விசையின் மேல் வைத்தார்.